கலைச்சொல் தேவை: அட்ஹொக் வலையமைப்பும் ‘ரிலையபிள்’ வழிப்படுத்தலும்

வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். அனர்த்த முகாமைத்துவக் கைந்நூலின் தமிழ்ப் பிரதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சிங்களப் பிரதி எப்போதோ தயார். கோபுரம் சாய்ந்த இடத்தில் கையிலுள்ள கருவிகளே ஒன்றுக்கொன்று செய்தி கடத்தும் ‘மொபைல் அட்ஹொக் நெட்வேர்க்’குக்குச் சொல் வேண்டும். செய்தி தவறாமல் போய்ச்சேர வழி தேரும் ‘ரிலையபிள் ரௌட்டிங்’குக்கு ‘நம்பகமான வழிப்படுத்தல்’ போதுமா? வழிப்படுத்தல், வலையமைப்பு இரண்டும் உயர்தர மாணவருக்குப் பழகியவை. தயவுசெய்து அவற்றில் கைவைக்காதீர்கள்.

கொட்டாஞ்சேனை, தமிழாசிரியர்:
‘நகர்வலை’. நகர்ந்த வலை, நகர்கின்ற வலை, நகரும் வலை என முக்காலமும் அடங்கிய வினைத்தொகை. கணு, அதாவது வலையில் இணைந்த கருவி, எப்போது இடம்மாறும் என்று யாருக்கும் தெரியாதபோது காலம் கரந்த பெயரெச்சத்தை விடப் பொருத்தமானது எது?

தெஹிவளை, விரிவுரையாளர்:
ஐயா, இலக்கணம் சரி, வகுப்பில் எடுபடாது. ‘நகர்’ என்றதும் பிள்ளைகள் ஊரை நினைப்பார்கள், ‘பெருநகர் வலையமைப்பு’ வேறு குறுக்கே நிற்கும். மேலும் அட்ஹொக் என்பதன் உயிர் நகர்வில் இல்லை. தள நிலையம் கிடையாது, ஒவ்வொரு கணுவும் தானே வழிப்படுத்தி. ஆகவே தானே அமையும் ‘தன்னமை வலையமைப்பு’. நகர்வு முக்கியமான இடத்தில் ‘நகரும் தன்னமை வலையமைப்பு’.

பம்பலப்பிட்டி:
‘தற்காலிக வலையமைப்பு’ என்றால் எல்லோருக்கும் விளங்குமே?

தெஹிவளை:
விளங்கும், பிழையாக. பேர்லினில் ஃப்ரைஃபங்க் என்ற சமூக வலையமைப்பின் ஆர்வலர்கள் கூரைகளில் பூட்டிய கணுக்கள் ஓஎல்எஸ்ஆர் என்ற வழிப்படுத்தல் நெறிமுறையில் ஆண்டுக்கணக்கில் ஓடின. அதில் தற்காலிகம் எங்கே?

‘நம்பகம்’ பற்றி: இத்தகைய வலையமைப்புக்கான ஏஓடிவி என்ற வழிப்படுத்தல் நெறிமுறையை (இணைய நெறிமுறை ஆவணம் ஆர்எஃப்சி 3561, 2003) எடுங்கள். அண்டைக் கணு இருக்கிறதா என்று அறியும் ஹலோ செய்தி இயல்பாக 1000 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை போகும். இரண்டு தவறினால் இணைப்பு முறிந்ததாகக் கொண்டு வழிப்பிழைச் செய்தி பின்னோக்கிப் போகும். மூலக் கணு மறுபடி வழி கேட்கும். இது பாடநூல் கதை. களத்தில் நடப்பது வேறு. ஹலோ எல்லோருக்குமான செய்தி, ஆகையால் வைஃபையில் தாழ்ந்த வேகத்தில் போய்த் தூரம் எட்டும். தரவைத் துண்டாகச் சுமக்கும் பொதியோ செக்கனுக்கு 11 மெகாபிட் வேகத்தில் போய் அந்தத் தூரத்தை எட்டாது. அட்டவணையில் அண்டைக் கணு உயிரோடு இருக்கும், பொதிகள் மட்டும் காணாமற் போகும். இந்தச் சாம்பல் வலயத்தைச் சமாளிக்க, கணுத் தாவல்களை எண்ணுவதை விட்டு, ஒரு பொதி போய்ச்சேர எத்தனை தடவை அனுப்ப வேண்டிவரும் என்று கணிப்பார்கள். இதற்கும் நம்புதலுக்கும் தொடர்பில்லை. ‘என்னிடம் குறுக்குவழி உண்டு’ என்று பொய்சொல்லிப் பொதிகளை விழுங்கும் கருந்துளைக் கணு உண்டே, அங்கேதான் நம்பகம் என்ற சொல் தேவைப்படும். அதை இங்கே செலவழிக்காதீர்கள்.

கொட்டாஞ்சேனை:
அப்படியானால் இலக்கண நூலான நன்னூலே கைகொடுக்கும். வழு என்றால் பிழை, வழாநிலை பிழையில்லாமை. ஆகவே ‘வழாநிலை வழிப்படுத்தல்’! பிழை தாங்குவதற்கு, பிழையாயினும் ஏற்கப்படுவதைக் குறிக்கும் ‘வழுவமைதி’. வழு ஏழில் நாலைந்து இங்கேயே கிடக்கிறது பாருங்கள். காலாவதியான வழி காலவழு. கணு இடம்மாறினால் இடவழு. இடைக்கணு தன்னிடமுள்ள பழைய வழியைப் பதிலாகத் தந்தால் விடைவழு.

தெஹிவளை:
விடைவழு அபாரம், ஐயா. அதைத் தடுக்கத்தான், வழி எவ்வளவு புதியது என்று காட்டும் சேருமிடத் தொடர் எண்; கேட்டவரிடமுள்ள எண்ணைவிடக் குறைந்த எண்ணோடு இடைக்கணு பதில் சொல்ல முடியாது. வழிகள் வளையமாகச் சுற்றாமல் காப்பதும் அதே எண்.

வெள்ளவத்தை:
வாசிப்பவர் கிராம உத்தியோகத்தர், ஐயா. நன்னூலோடு வரமாட்டார்.

பம்பலப்பிட்டி:
‘முறிவுதாங்கு வழிப்படுத்தல்’? இதுவும் வினைத்தொகைதான், ஆசிரியருக்கும் மனம் ஆறும்.

தெஹிவளை:
முழுப் பொருத்தமில்லை, ஆனாலும் நம்பகத்தை விட மேல். என் வாக்கு அதற்கு.

வெள்ளவத்தை:
‘தன்னமை வலையமைப்பு’, ‘முறிவுதாங்கு வழிப்படுத்தல்’ இரண்டையும் போடுகிறேன். இனி மாற்றமில்லை.

கொட்டாஞ்சேனை:
என் மறுப்பைப் பதிந்துவையுங்கள். விரிவுரையாளர் சொன்ன சாம்பல் வலயத்தில் எதுவுமே முறியவில்லை. முறியாததை எப்படித் தாங்குவது? வழு என்றால் அதுவும் அடங்கும். அது கிடக்க, 14ஆம் பக்கத்தில் ‘புரோட்காஸ்ட்’டுக்கு ‘ஒலிபரப்பு’ என்று போட்டிருக்கிறீர்கள். பொதியில் ஒலி எங்கே இருக்கிறது?