கெர்னல்-டாக் வார்னிங்: ஒன்றைத் திருத்தினால் மூன்றாகிறது, உதவி தேவை

கேள்வி

வணக்கம். லினக்ஸ் கெர்னலில் ஒரு சென்சார் டிரைவர், ஐ2சி பஸ்ஸில் (சிப்புகளை இணைக்கும் தொடர்பு வழி) தொங்குவது. முதல் பேட்ச்சுக்கு சின்ன வேலையாக இருக்கட்டும் என்று கமென்ட் வார்னிங்குகளைக் கையில் எடுத்தேன் (/** என்று தொடங்கும் கமென்ட்டுகளைப் படித்து ஆவணமாக்கும் கெர்னல்-டாக் ஸ்கிரிப்ட் தருபவை). மேக் கமாண்டில் டபிள்யூ=1 (கூடுதல் வார்னிங் காட்டும் ஆப்ஷன்) போட்டால் இரண்டு வார்னிங். அலுத்துப்போய் ஃபைல் முழுக்க /** என்பதை /* என்று மாற்றிவிட்டேன், சத்தம் அடங்கியது. அனுப்பினால் மெயின்டெய்னர் (அந்தப் பகுதியைப் பராமரிப்பவர்) ஒரே வரியில் திருப்பிவிட்டார்: "நோயைத் தீர்க்காமல் வாயைக் கட்டியிருக்கிறீர்கள்" என்கிற அர்த்தத்தில்.

பழையபடி வைத்து, கெர்னல்-டாக் கேட்ட பெயரை மட்டும் திருத்தினேன். இந்த ஒரு ஃபங்ஷனில் மட்டும் இப்போது மூன்று வார்னிங்! பெயர்களைத் தமிழில் மாற்றிப் போடுகிறேன்:

/**
 * சென்சார்_ரீட்_ஃபிஃபோ - ஃபிஃபோவிலிருந்து பைட்டுகளைப் படிக்கும்
 * @கிளையன்ட் ஐ2சி கிளையன்ட்
 * @பஃப்: படித்ததை வைக்கும் இடம்
 * @லென்: எத்தனை பைட்
 *
 * ரிட்டர்ன்:
 * 0 - வெற்றி
 * -ஈஇன்வால் - அளவு தவறு
 */
இன்ட் சென்சார்_ரீட்_ஃபிஃபோ(கிளையன்ட், பஃப், கவுன்ட்)

பதில் 1

தம்பி, வார்னிங் கூடவில்லை, மறைந்திருந்தது வெளியே வந்திருக்கிறது. கமென்ட்டில் உள்ள பெயரும் ஃபங்ஷன் பெயரும் பொருந்தாவிட்டால் அந்த ஸ்கிரிப்ட் பாராமீட்டர்களை முழுதாகச் சரிபார்க்காமலே கையை விரித்துவிடும். பெயர் சரியானதும்தான் முழுச் சோதனையும் நடக்கிறது.

மூன்றும் என்னவென்றால்: @கிளையன்ட் பக்கத்தில் முக்காற்புள்ளி இல்லை, அதனால் அது பாராமீட்டர் விளக்கமாகவே கணக்கில் வராது, மேல் வரியின் வால் என்று எடுத்துக்கொள்ளும். லென் என்று எவரோ வைத்ததை இன்னொருவர் கவுன்ட் ஆக்கியிருக்கிறார், கமென்ட்டைத் தொடவில்லை. அதற்கு இரண்டு வார்னிங்: லென் அதிகப்படி, கவுன்ட்டுக்கு விளக்கம் இல்லை.

மற்ற ஒரு வார்னிங் ஃபைலின் தலையில் காப்புரிமை கமென்ட்டில் வருகிறதா? அங்கே மட்டும் /* சரி. எதையும் விவரிக்காத கமென்ட்டுக்கு இரண்டாவது நட்சத்திரம் வேண்டாம்.

கேட்டவர்

ஆமாம் அண்ணா, அதே இடம்தான். ஆனால் ரிட்டர்னில் வார்னிங் எதுவும் இல்லையே, அது சரிதானே?

பதில் 2

ஸ்கிரிப்ட் வாய் திறக்கவில்லை என்பதால் சரி என்று ஆகிவிடாது. ஸ்பிங்க்ஸ் (ஆவணம் உருவாக்கும் கருவி) வழியாக ஹெச்டிஎம்எல் எடுத்துப் பாருங்கள், அந்த இரண்டு வரியும் ஒரே பத்தியாக ஒட்டிக்கொண்டு நிற்கும். பட்டியலாக வர வேண்டுமென்றால் ஒவ்வொரு வரிக்கும் இன்னொரு நட்சத்திரம்:

 * ரிட்டர்ன்:
 * * 0 - வெற்றி
 * * -ஈஇன்வால் - அளவு தவறு

இன்னொரு பொறி: விளக்கத்தின் நடுவில் ஒரு வரி "கவனிக்க:" என்பதுபோல் ஆரம்பித்தால் அதைத் தனித் தலைப்பாக்கிவிடும். இது என்னை ஒரு மாலை முழுக்க அலைக்கழித்தது.

அதற்கு முன் ஒரு சந்தேகம். 0 என்றால் வெற்றி என்று எழுதியிருக்கிறதே, ஃபங்ஷனின் கடைசி வரி என்ன?

கேட்டவர்

ஐ2சி_மாஸ்டர்_ரிசீவ் தருவதை அப்படியே ரிட்டர்ன் செய்கிறது.

பதில் 2

அப்படியென்றால் கமென்ட் பொய். அது வெற்றி என்றால் படித்த பைட்டுகளின் எண்ணிக்கையைத் தரும், தோற்றால் நெகட்டிவ் எரர். அழைக்கிற இடத்தில் என்ன செக்?

கேட்டவர்

ஒரே இடம்தான். சைபரைவிடக் குறைவா என்று பார்க்கிறது.

பதில் 2

அதனால்தான் இத்தனை நாள் ஓடியிருக்கிறது. கமென்ட்டை நம்பி நாளைக்கு ஒருவர் "இஃப் (ரெட்)" என்று எழுதினால், ஒழுங்காகப் படித்த ஒவ்வொரு தடவையும் எரர் என்று திரும்பும். நட்சத்திரம் வைப்பதைவிட இதுதான் உங்கள் பேட்ச்சின் உருப்படியான வரி. கமிட் மெசேஜில் வார்னிங்கை அப்படியே ஒட்டுங்கள், ரிட்டர்ன் திருத்தத்தையும் தனியாகச் சொல்லுங்கள். கோட் வரிகளைத் தொடாதீர்கள், தொட வேண்டுமானால் வேறு பேட்ச்.

பதில் 1

ஸ்ட்ரக்ட் (பல மெம்பர்களைச் சேர்த்த தொகுப்பு) இருந்தால்: வெளியே காட்ட வேண்டாத மெம்பர்களுக்கு மேல் பிரைவேட் என்று எழுதி முக்காற்புள்ளி வைத்த ஒற்றை நட்சத்திர கமென்ட் போதும். பேடிங் (வெறும் இடம் நிரப்பும்) பைட்டுக்கெல்லாம் "பேடிங்" என்று விளக்கம் எழுதுவது எனக்குப் பிடிக்காது, சிலர் எழுதுகிறார்கள்.

கேட்டவர்

அண்ணா, ப்ரோ, இரண்டு பேருக்கும் நன்றி. டபிள்யூ=1 இப்போது சுத்தம். இரண்டாம் வெர்ஷனை அனுப்பிவிடட்டுமா?

பதில் 2

பொறுங்கள். டபிள்யூ=1 சி ஃபைலைத்தான் பார்க்கும். டிரைவரின் ஹெடரைக் கெர்னல்-டாக் ஸ்கிரிப்ட்டில் கையால் ஓட்டுங்கள், அவுட்புட் வேண்டாம் என்கிற -நன் ஆப்ஷனோடு.

கேட்டவர்

ஓட்டினேன். ஒன்பது. நாளைக்கு வருகிறேன்.