தினசரி ஓட்டத்துக்கு எவ்வளவு காற்று? ராமநாதபுரம் கரையோர ஃபோர் வீல் டிரைவ் அனுபவங்கள்

கிழக்குக்கரை ஓட்டி

ராமநாதபுரத்தில் எந்தப் பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தினாலும் ஒரே கேள்விதான்: "35 வைத்துவிடட்டுமா, சார்?" காருக்கும் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு), ஜீப்புக்கும் 35. மணலில் ஓட்டிப் பழகிய நண்பர்களோ 25க்கு மேல் வைப்பதே பாவம் என்கிறார்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரை மட்டும் இரு தரப்பும் பார்ப்பதில்லை. என் வண்டியில் அது 33 என்கிறது. ஆளும் சுமையும் நிறைந்தால் பின்னால் 38. டயரின் பக்கவாட்டில் 51 என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி என்னோடு வாதாடியவரும் உண்டு. அது டயருக்கான உச்சவரம்பு, ஓட்டுவதற்கான அளவு அல்ல.

ஸ்டிக்கரில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கானது. இரவு முழுவதும் நின்ற வண்டியை வெயில் ஏறுமுன் அளந்தால்தான் கணக்குச் சரியாக வரும். எங்கள் தெருவில் காலை ஒன்பது மணிக்கு மேல் அளந்தால் கிழக்குப் பக்க டயர்கள் இரண்டும் மற்றவற்றைவிட இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். வெயிலின் வேலை அது. டயரின் சூடு ஐந்தரை டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ ஏறும்.

33 என் சாலைக்கும் என் சுமைக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. காலையில் அளந்துவிட்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி நோக்கிக் கிளம்புவேன். திருப்பாலைக்குடியைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, டயர் ஆறுவதற்குள் மறுபடி அளப்பேன். 37 வாக்கில் இருந்தால் சரி. 40ஐத் தாண்டினால், கிளம்பும்போது காற்று குறைவாக இருந்தது என்று அர்த்தம். பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நெளிகிறது, நெளிவு சூடாகிறது, சூடு அழுத்தத்தை ஏற்றுகிறது. மாறாக 34ஐத் தாண்டவே இல்லை என்றால் தேவைக்கு மேல் அடைத்திருக்கிறோம். நாலு பிஎஸ்ஐ கணக்கு என்று சொல்வது இதைத்தான். தோராயமான கணக்குதான், ஆனாலும் ஆளுக்கொரு எண் சொல்லும் ஊரில் இது பெரிய உதவி.

சூட்டில் 37 காட்டுகிறதே என்று பதறி அங்கேயே காற்றை 33க்கு இறக்கிவிடாதீர்கள். மறுநாள் காலை 29தான் இருக்கும்.

மற்றவர்கள் எவ்வளவு வைக்கிறீர்கள்?

கீழக்கரைக்காரன்

அண்ணன் சொல்வது வண்டியோடு வந்த டயருக்குப் பொருந்தும். டயரை மாற்றியவர்கள் பாடு வேறு.

எங்கள் காக்கா (அண்ணன்) விடுமுறையில் துபாயிலிருந்து வந்ததும் முதல் வேலையாக ஆல் டெரெய்ன் டயர் நான்கு வாங்கிப் போட்டார். அளவுக்கு முன்னால் எல்டி என்று போட்டிருக்கும் கனரக டயர்கள். காற்று மட்டும் பழைய 33. சில மாதங்களில் முன் டயர்களின் இரண்டு ஓரங்களிலும் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள்) தேய்ந்து, நடுவில் புதிதாகவே இருந்தது. காற்று குறைவு என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். சொன்னால், "ஸ்டிக்கரில் 33 என்றுதானே இருக்கிறது, தம்பி?" என்றார். அந்த ஸ்டிக்கர் பழைய டயருக்கு ஒட்டியது. எல்டி டயர் அதே சுமையைத் தாங்க வேண்டுமானால் கூடுதல் காற்று கேட்கும். எவ்வளவு என்பது டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையில் இருக்கும்.

38க்கு ஏற்றினோம். ஏர்வாடி தர்கா போய்த் திரும்புவதற்குள், "இடுப்பு கழன்றுவிட்டது, இனி இந்த வண்டியில் ஏற மாட்டேன்" என்று உம்மா பின் இருக்கையிலிருந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார். அட்டவணை 36 வரை இறக்க இடம் கொடுத்தது, அங்கே நிறுத்திக்கொண்டோம். மதுரை விமான நிலையத்துக்குப் பெட்டிகளோடு போகும்போது மட்டும் பின்னால் ஏற்றுகிறோம். அன்றைக்கு உம்மா முன் இருக்கை.

மண்டபம் உப்புக்காற்று

எண்களைப் பேசுகிறீர்கள், வால்வை யாரும் பேசவில்லை. இரண்டு பக்கமும் கடல் இருக்கும் ஊரில் மூடி இல்லாத வால்வு எத்தனை நாள் நிற்கும்? அழகுக்காக விற்கும் அலுமினிய மூடியையும் போடாதீர்கள். உப்பில் அது பித்தளை வால்வோடு பிணைந்துவிடும். கொறடு போட்டுத் திருகினால் வால்வே உடைந்து வரும். பிளாஸ்டிக் மூடி போதும்.

அரிச்சல்முனை

2017ல் தார்ச்சாலை வரும்வரை தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்குப் போக மணல்தான் வழி. வேன்கள் சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கி ஏறிப் போகும். காற்றைக் குறைத்தால் டயரின் தடம் நீளும், மணலை வெட்டாமல் அதன்மேல் ஏறிப் போகும். அந்தக் காலத்துப் பேச்சுதான் "ஃபோர் வீல் என்றால் 25" என்று இன்னும் உலவுகிறது. இப்போது முனை வரை தார். தாருக்கு அந்த எண் எதற்கு?

போன மாதம் வெளியூர் வண்டி ஒன்று படம் எடுக்கச் சாலையை விட்டு ஓரத்தில் இறங்கியது. பார்த்தால் கெட்டியாகத் தெரியும் மணல். இரண்டு சக்கர நீளம் போனதும் அச்சு வரை இறங்கிவிட்டது. ஓட்டிய தம்பி ஃபோர் வீலைப் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமானது. நிறுத்தச் சொல்லி, நான்கிலும் 18க்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் கையால் தள்ளினோம். மெதுவாக, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து எடுக்கச் சொன்னேன். அந்த அளவில் வெட்டித் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். வண்டி தானாகவே மேலேறியது.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. "இப்போதுதான் வண்டி மெத்தை மாதிரி போகிறது, ராமேஸ்வரத்தில் அடித்துக்கொள்கிறேன் அண்ணாச்சி" என்கிறார். வெயிலில் கொதிக்கிற தாரில், 18 பிஎஸ்ஐயோடு, எண்பதில்! பக்கவாட்டு ரப்பர் சூடேறிப் பிய்ந்துகொள்ளும். அது தப்பினாலும் தனுஷ்கோடிச் சாலையில் பக்கக் காற்று அடிக்கும்போது உயரமான வண்டி ஆடும் ஆட்டத்தைத் தளர்ந்த டயர் இரட்டிப்பாக்கும். என் கம்ப்ரசரை பேட்டரியில் மாட்டி, நான்கிலும் அடித்து முடிக்கும்வரை சாவியைக் கொடுக்கவில்லை. மணலுக்குக் குறைப்பவர் கையில் கம்ப்ரசர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆமை முட்டையிடும் கரையில் வண்டி இறக்குவதே வேண்டாம் என்பேன், அது தனிப் பேச்சு.

கிழக்குக்கரை ஓட்டி

அண்ணாச்சி சாவியைப் பிடுங்கியது சரி.

சீமைக்கருவேல முள்ளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டியூப்லெஸ் டயரில் முள் ஏறி உள்ளேயே முறிந்தால் சீறல் வராது, ஒரு வாரத்தில் 33 மெல்ல 28 ஆகும். ரேடியல் டயர் எப்போதுமே கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும் என்பதால் கண்ணுக்கும் தெரியாது, உதைத்துப் பார்த்தாலும் தெரியாது. அதனால் சொந்தமாக ஒரு கேஜ் வைத்திருக்கிறேன். கடைக் கேஜும் அதுவும் ஒத்துப்போவதில்லை. எதையாவது ஒன்றை எப்போதும் நம்பினால் போதும்.

ஸ்டெப்னிக்கு மட்டும் 38. எந்தச் சக்கரத்தில் மாட்டினாலும் இறக்கிக்கொள்ளலாம். சாயல்குடிக்கு அப்பால் இரவில் ஏற்றிக்கொள்ளக் கடை திறந்திருக்காது.