வேலை, வீடு, நடுவில் மோர்மிளகாய்

கேள்வி: மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு தினமும் பஸ், வீடு திரும்ப இரவு 8 ஆகிறது. பையன் இரண்டாம் வகுப்பு. அம்மா கைப்பக்குவத்தில் மோர்மிளகாய் போட்டு விற்கலாம் என்று ஒரு வருஷமாகப் பேச்சுதான். நேரத்தை எங்கே பிடிப்பது?

பதில் 1: தினமும் ஒரு மணி நேரம் என்று திட்டம் போட்டால் படுத்துவிடும், நான் பட்டவன். மோர்மிளகாய்க்கு வெயில்தான் முக்கியம். சனிக்கிழமை ராத்திரி கீறி உப்பு மோரில் ஊறப்போட்டால் அப்புறம் மொட்டைமாடி பார்த்துக்கொள்ளும். பங்குனி, சித்திரையிலேயே போட்டுவிடுங்கள், ஐப்பசி அடைமழையில் ஒன்றும் காயாது.

பதில் 2: மொட்டைமாடியா? காக்காய் விரட்டப்போவது அம்மாதானே! அவருக்குக் கூலியையும் கணக்கில் வையுங்கள்.

பதில் 3: உணவுப் பொருள், எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். உத்யம் என்கிற அரசின் சிறுதொழில் பதிவு இலவசம், ஆன்லைனில் ராத்திரி உட்கார்ந்து முடிக்கலாம். உத்யமுக்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேட்டவர்: அம்மாவிடம் கூலி என்றேன். "சரி, முதலில் நல்ல மிளகாயா பார்த்து வாங்கிட்டு வா" என்கிறார்.