இப்போ வாங்கு, அப்புறம் கட்டு: தண்டலுக்கு இது மேலா?

திருவொற்றியூரான்:
சென்ற வாரம் தண்டல் (தினமும் வசூலிக்கும் வட்டிக் கடன்) பற்றிய பேச்சில் ஒருவர், "செல்போன் செயலியில் பொருளை வாங்கிவிட்டு அடுத்த மாதம் கட்டும் வசதி வந்த பிறகுதான் வடசென்னைக்காரன் தண்டல்காரனிடமிருந்து தப்பித்தான்" என்று எழுதியிருந்தார். எனக்கு அது ஒப்பவில்லை. அதனால் தனியாகவே தொடங்குகிறேன்.

நான் மணலியில் ஒப்பந்தத் தொழிலாளி. சம்பளம் ஒரு மாதம் 7ஆம் தேதி வரும், ஒரு மாதம் 12 ஆகிவிடும். கான்டிராக்டர் மனசு வைக்க வேண்டும். செயலிக்கோ 5ஆம் தேதி பணம் எடுத்தாக வேண்டும். கணக்கில் இல்லையென்றால் தாமதக் கட்டணம். அதோடு விடாது. கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க நான் கொடுத்த அனுமதி, அதுதான் மேண்டேட், பணமில்லாமல் திரும்பிப் போனதற்கு என் வங்கி தனியாக ஒரு கட்டணம் பிடிக்கும், அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. செயலி மறுபடி முயன்று பார்க்கும், வங்கி மறுபடி பிடிக்கும். 600 ரூபாய் மளிகைக்கு நான் கட்டிய தண்டம் மளிகை விலையையே தொட்டுவிட்டது. "வட்டி இல்லை" என்றுதான் விளம்பரம் செய்தார்கள். உண்மைதான், வட்டி என்ற பெயரில் ஒரு பைசா வாங்கவில்லை!

எம்.சி. ரோடு மணி:
அண்ணே, வருத்தம் புரிகிறது. ஆனால் நீங்கள் தண்டல் வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? நான் வாங்கியிருக்கிறேன். 10,000 கேட்டால் 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவான். தினம் 100 வீதம் 100 நாள். கேட்கும்போது ஏதோ பத்து விழுக்காடு மாதிரி இருக்கும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது இல்லையா, அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 75 விழுக்காட்டைத் தாண்டும். 1,500 பிடித்தால் 100ஐத் தாண்டும். கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது 2003இல். எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி வரவில்லை போல.

நான் ஜவுளிக்கடையில் நிற்கிறேன், 1ஆம் தேதி சம்பளம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது மகளுக்கு ஷூ, பை, சீருடை எல்லாம் மூன்று தவணையில் வாங்கினேன். ஒரு ரூபாய் கூடுதலாகப் போகவில்லை. தேதிக்குக் கட்டுகிறவனுக்கு இது சும்மா கிடைக்கிற பணம்.

ராயபுரம் கடைக்காரர்:
சும்மா இல்லை தம்பி, நான் கட்டுகிறேன். ஒவ்வொரு விற்பனைக்கும் அந்தக் கம்பெனி என்னிடம் கமிஷன் பிடிக்கிறது. அதை விலையில்தான் ஏற்றுவேன், ரொக்கம் கொடுக்கிறவரும் சேர்ந்தே சுமக்கிறார். பூஜ்ய விழுக்காடு வட்டி என்று ஒன்று கிடையாது என 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. ஆனாலும் வசதியை நிறுத்த மாட்டேன். நிறுத்தினால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள்.

காசிமேடு செல்வி:
மணி அண்ணா சொல்வது மாதச் சம்பளக்காரர் கணக்கு. எங்கள் வீட்டில் விசைப்படகு வருமானம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் படகு கரையில் நிற்கும். அந்த நாட்களில் 5ஆம் தேதி வராமல் இருக்குமா? தண்டல்காரரைப் புகழ வரவில்லை, அவர் வாயில் வராத வார்த்தை இல்லை. ஆனால் "அண்ணே, போட் போகல, பத்து நாள் பொறு" என்று அவரிடம் சொல்ல முடியும். கத்துவார், அப்புறம் பொறுப்பார். தொழில் இருக்கிற நாளில் மீன் விற்ற காசிலிருந்தே தினமும் கொடுத்துவிடுவதால் பாரம் தெரியாது. செயலியில் தேதியை மாற்றித் தரச் சொல்லி எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது.

எம்.சி. ரோடு மணி:
அக்கா, பொறுக்கிற பத்து நாளுக்கும் அவர் வட்டி போடுவார். அதையும் சொல்லுங்கள்.

காசிமேடு செல்வி:
போடுவார், யார் இல்லை என்றார்கள்? தேதியைத் தள்ளிவைக்க நான் கொடுக்கிற விலை அது. செயலி அதற்கும் வழி வைக்கவில்லை, தண்டம் மட்டும் வைத்திருக்கிறது.

பெரம்பூர் கணக்கர்:
கொஞ்சம் விவரம் சேர்க்கிறேன். இந்தச் செயலிகளில் பெரும்பாலானவை தாங்களாகக் கடன் கொடுப்பதில்லை. பின்னால் ஒரு வங்கியோ வங்கி சாராத நிதி நிறுவனமோ இருக்கும். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதற்கு விதி போட்டது. வட்டியும் கட்டணங்களும் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு விழுக்காடு என்று முன்கூட்டியே ஒரு தாளில் காட்ட வேண்டும். உங்களைக் கேட்காமல் கடன் வரம்பை ஏற்றக் கூடாது. செல்போனில் உள்ள எண்களையும் படங்களையும் தொடவே கூடாது. வசூலுக்குப் பேசுகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது, இது அந்த ஆகஸ்டிலேயே வந்த உத்தரவு. 2024 ஏப்ரலிலிருந்து தரப்படும் புதுக் கடன்களில் அபராதத்தின் மேல் வட்டி போட முடியாது. தண்டலில் இதில் ஒன்றாவது உண்டா?

திருவொற்றியூரான்:
சார், விதியெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. அந்தத் தாளில் தாமதக் கட்டணம் இருந்தது, நானும் பார்த்தேன். மேண்டேட் திரும்பினால் என் வங்கி பிடிப்பது அதில் எங்கே இருந்தது? செயலியைக் கேட்டால் வங்கியைக் கேள் என்கிறான், வங்கியைக் கேட்டால் செயலியைக் கேள் என்கிறான். என் புகாரே இந்த இடைவெளிதான்.

பெரம்பூர் கணக்கர்:
அது நியாயமான கேள்வி. வங்கிக் கட்டணம் அந்தத் தாளில் வராது, ஏனென்றால் அது வேறு நிறுவனம் வாங்குவது.

வியாசர்பாடி நித்யா:
தேதிக்குக் கட்டினால் தொல்லையே இல்லை என்கிறீர்களே மணி அண்ணா, என் கதை கேளுங்கள். இந்த வசதியில் ஒரு சுடிதார் வாங்கினேன், அளவு சரியில்லை, திருப்பி அனுப்பிவிட்டேன். கடை பணத்தைத் திருப்பியதாகக் குறுஞ்செய்தியும் வந்துவிட்டது. ஆனால் கடனில் அது கழியவே இல்லை. கடைக்காரன் "நாங்கள் அனுப்பிவிட்டோம்" என்கிறான், செயலி "எங்களுக்கு வரவில்லை" என்கிறது. கையில் இல்லாத துணிக்கு நான் பாக்கிக்காரி. வண்டிக் கடனுக்குப் போனபோதுதான், நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில் அந்தப் பாக்கி தவறிய கடனாக நிற்பது தெரிந்தது. அதோடு நான் பல தடவை வாங்கிய 200, 300 ரூபாயெல்லாம் தனித்தனிக் கடனாக வரிசை கட்டி நின்றன. வங்கி மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தண்டல் வாங்கியிருந்தால் சிபிலுக்குத் தெரிந்திருக்குமா?

எம்.சி. ரோடு மணி:
அது தொழில்நுட்பக் கோளாறு. அதை வைத்து மொத்த வசதியையும் மோசம் என்றால் எப்படி? ஒழுங்காகக் கட்டினால் அதே சிபிலில் நல்ல பெயரும் ஏறும். தண்டலை எத்தனை வருஷம் ஒழுங்காகக் கட்டினாலும் வங்கியில் ஒருவன் மதிப்பானா?

வியாசர்பாடி நித்யா:
அந்த நல்ல பெயர் ஏறட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. திருப்பிக் கொடுத்த பொருளுக்குக் கெட்ட பெயர் ஏறியதே, அதைத்தான் கேட்கிறேன்.

பெரம்பூர் கணக்கர்:
நித்யா, தவறு என்று சிபிலிலேயே புகார் பதியலாம். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதன் பிறகு நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும், 2024 ஏப்ரலிலிருந்து இதுதான் விதி. கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுத்தில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு) போகலாம், விவரம் கேட்க 14448. குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள்.

வியாசர்பாடி நித்யா:
வைத்திருக்கிறேன் சார். நாளைக்கே பதிகிறேன்.

ராயபுரம் கடைக்காரர்:
திருப்பி எடுக்கும்போது எங்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. வாடிக்கையாளர் எங்களைத்தான் திட்டுவார். ரொக்கமாக வாங்கியவருக்குக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்து முடித்துவிடுவேன்.

திருவொற்றியூரான்:
மணி, ஒன்று மட்டும் கேட்கிறேன். 1ஆம் தேதி சம்பளம் வராத கடையில் நீங்கள் வேலை பார்த்தால் இந்த வசதியை வைத்திருப்பீர்களா?

எம்.சி. ரோடு மணி:
மாட்டேன். அதற்காகத் தண்டலுக்கும் திரும்ப மாட்டேன்.

காசிமேடு செல்வி:
அப்போ எங்களுக்கு வழி?

எம்.சி. ரோடு மணி:
அக்கா, தடைக்காலத்துக்கு முன்னாலேயே கட்டி முடிகிற மாதிரி தவணை எடுத்துப் பாருங்கள். சில செயலிகளில் தேதிக்கு முன்பே கட்டலாம், தண்டம் இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கணக்கர் சார், சிபில் அறிக்கை பார்க்கக் காசு உண்டா? என் பெயரிலும் எதாவது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெரம்பூர் கணக்கர்:
ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கை இலவசம். சிபில் மட்டுமில்லை, எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்களும் தர வேண்டும். நான்கிலும் பாருங்கள், ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லாமல் போகலாம்.

திருவொற்றியூரான்:
பார்த்துவிட்டு எத்தனை கடன் நிற்கிறது என்று இங்கே எழுதுங்கள் மணி. ஷூவும் பையும் தனித்தனியாக வந்திருந்தால் மறைக்கக் கூடாது!