பெரியம்மாவுக்கு வந்த பாரிசவாதம்: எங்கள் தோட்டத்து அனுபவம்

நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் என் பெரியம்மாவுக்குப் பாரிசவாதம் (பக்கவாதம்) வந்தது வேலை மலையில்தான். தலையில் மாட்டிய கூடைக் கயிறு நழுவி விழுந்ததைக்கூட உணராமல் அவர் நின்றதாகவும், அது காலைக் கொழுந்து நிறுப்பதற்குச் சற்று முன் என்றும் பக்கத்து நிரையில் பறித்த பெண்கள் உறுதியாகச் சொன்னார்கள். ஆனால் தோட்ட லொறியில் அவருடன் ஏறியது லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து) ஓடி வந்த பெரியப்பா மட்டுமே. அவர் எதையும் நேரில் பார்த்தவரல்லர். சிங்களமும் சந்தையில் பேரம் பேசும் அளவுக்குத்தான் தெரியும்.

மூளைக்குப் போகும் குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் மூளையில் இரத்தக்கசிவு இல்லை என்று சி.டி. ஸ்கேனில் உறுதிப்படுத்த வேண்டும். ஸ்கேன் வசதியுள்ள பெரிய வைத்தியசாலைக்கு மாற்றுவதிலேயே பாதி நேரம் போயிற்று. மீதியை ‘எப்போது தொடங்கியது’ என்ற கேள்விக்குச் சரியான பதில் கிடைக்காதது தின்றுவிட்டது. பேச்சு குழறியதும் குறிப்பில் இடம்பெறவில்லை. தமிழ் தெரியாத வைத்தியருக்கு அது குழறலா, இயல்பான பேச்சா என்று எப்படித் தெரியும்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தமிழ் பேசுவோர் இத்தனை பேர் வந்துபோகும் வார்டில் ஒரு மொழிபெயர்ப்பாளரைக்கூட நியமிக்காத ஏற்பாட்டைத்தான் குறை சொல்கிறேன்.

‘பிரசர் மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள்’ என்று பிறகு எல்லோரும் பெரியம்மாவைக் கேட்டார்கள். மாதாந்தக் கிளினிக்குக்குப் போனால் அன்றைய சம்பளம் இல்லை. நேரம் கழித்து மலைக்குப் போனால் கிலோ குறைந்து அரைப்பேர்தான் (அரை நாள் சம்பளம்தான்) விழும். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, நீண்டகாலம் தோட்ட நிர்வாகத்தின் மருந்தறையையே நம்பியிருந்த எங்கள் மலையகத் தமிழ்ச் சமூகத்தில், உடம்பு நன்றாயிருக்கும் நாளில் வைத்தியசாலைக்குப் போகும் வழக்கம் வேரூன்றாததில் வியப்பில்லை.

வைத்தியசாலையில் உடற்பயிற்சிகளைச் சைகையால் காட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். லயத்துக் கழிப்பறையோ படியிறங்கிப் போகும் தூரத்தில். மழை நாளில் அந்தப் படிகளில் நல்ல கால் உள்ளவருக்கே வழுக்கும். பெரியப்பா சவுக்குக் கம்புகளை நட்டுக் கைப்பிடி கட்டிய பிறகே பெரியம்மா தனியாக இறங்கத் தொடங்கினார்.

இதை வாசிக்கும் தோட்டத்து உறவுகளிடம் ஒன்று கேட்கிறேன்: வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், நேரில் பார்த்தவரையே கூட அனுப்புங்கள். கடைசியாக நன்றாயிருந்த நேரத்தை எண்ணில் எழுதிக் கொடுத்தால் எந்த மொழிக்காரருக்கும் புரியும்.