கைஷூவிலிருந்து சாவ்ஷூவுக்கு எப்படிச் செல்வது?

வெள்ளவத்தை மாணவன்:

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் சீனமொழி வகுப்பொன்றில் தொடங்கிய தூரிகை எழுத்துப் பயிற்சியை, வகுப்பு நின்ற பின்னரும் வீட்டில் தனியே தொடர்ந்து வருகிறேன். இதுவரை எழுதியதெல்லாம் கைஷூ எனப்படும் திருத்த எழுத்துத்தான். தாங் அரசர் காலக் கையெழுத்துக் கலைஞர் யன் ஜென்சிங் 752ஆம் ஆண்டில் எழுதிய தோபாவ் கோபுரக் கல்வெட்டின் அச்சுப்படியே என் முன்மாதிரி. கோடுகள் ஓரளவு கைவந்துவிட்டதால், சாவ்ஷூ எனப்படும் தொடரெழுத்தைத் தொடங்க விரும்புகிறேன். தெரிந்த எழுத்துகளின் கோடுகளை இணைத்து வேகமாக எழுதிப் பார்த்தேன். பார்வைக்கு நன்றாக இருப்பவற்றைக்கூடச் சீன நண்பர் ஒருவரால் வாசிக்க முடியவில்லை. இடையில் சிங்ஷூ எனப்படும் ஓட்டெழுத்தைக் கட்டாயம் பழக வேண்டுமா? எந்த முன்மாதிரியை எடுத்துக்கொள்வது?

மைக்கூடு:

உங்கள் நண்பரால் வாசிக்க முடியாமற் போனதில் வியப்பில்லை. கைஷூவை வேகமாக எழுதியதால் சாவ்ஷூ பிறக்கவில்லை. ஹான் அரசர் காலத்து எழுத்தர்கள், அலுவலகப் பதிவுகளுக்கு வழங்கிய லிஷூ எழுத்தை மூங்கில், மரச் சில்லுகளில் அவசரமாக எழுதியபோது உருவான வடிவங்களே அதற்கு அடிப்படை. கைஷூ முழு வடிவம் பெற்றது அதற்குப் பின்னர்தான். ஆகவே கைஷூக் கோடுகளை எவ்வளவு இணைத்தாலும் பல எழுத்துகளுக்குச் சாவ்ஷூ வடிவம் கிடைக்காது. அவ்வடிவங்களைத் தனியாக, ஒவ்வொன்றாக மனனம் செய்ய வேண்டும்.

கையெழுத்துக் கலைஞர் சுன் குவோத்திங் 687ஆம் ஆண்டிலேயே, எழுத்துக்கலை பற்றிய தம் சுருளில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். கைஷூவில் கோடும் புள்ளியும் உடல், திருப்பங்கள் உயிர்; சாவ்ஷூவில் திருப்பங்களே உடல், கோடும் புள்ளியும் உயிர் என்பது அவருடைய கருத்து. கைஷூவில் ஒரு கோடு குறைந்தாலும் சொல்லை ஊகித்துவிடலாம். சாவ்ஷூவில் திருப்பம் பிசகினால் எழுத்தே இல்லாமற் போய்விடும் என்றும் எழுதுகிறார். நீரைக் குறிக்கும் மூன்று புள்ளிகளையும் பேச்சைக் குறிக்கும் ஏழு கோட்டுப் பகுதியையும் எடுத்துப் பாருங்கள். கைஷூவில் எவரும் இவற்றை மாற்றி வாசிக்கமாட்டார்கள். சாவ்ஷூவிலோ இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரியான கீழ்நோக்கிய வீச்சாகச் சுருங்கிவிடுகின்றன. வலப்பக்கப் பகுதியைப் பார்த்துத்தான் எழுத்தை அறிய வேண்டியிருக்கும்.

கோடுகளின் வரிசையும் மாறும். அரசனைக் குறிக்கும் 'வாங்' எழுத்தில், கைஷூவில் மேலிரு கிடைக்கோடுகளை இட்ட பிறகே நிலைக்கோடு வரும். ஓட்டமாக எழுதும்போது முதற் கிடைக்கோட்டை அடுத்து நிலைக்கோடு இறங்கி, எஞ்சிய இரண்டும் ஒரே ஓட்டத்தில் முடியும்.

நீங்கள் வகுப்பில் எளிய எழுத்துகளைப் படித்திருந்தால் ஓர் அனுகூலமும் உண்டு. 1956ஆம் ஆண்டில் சீன அரசு வெளியிட்ட எளிய வடிவங்களில் நூல், கிழக்கு, வண்டி ஆகியவற்றைக் குறிப்பவை பழைய சாவ்ஷூ வடிவங்களை நிமிர்த்தி எடுத்தவையே. அதாவது, சில வடிவங்கள் ஏற்கெனவே உங்களுக்குத் தெரியும்.

முன்மாதிரியாக ஜியோங் என்ற பௌத்த துறவியின் ஆயிரம் எழுத்துப் பாடத்தைப் பரிந்துரைப்பேன். அவர் புகழ்பெற்ற சீனக் கையெழுத்துக் கலைஞர் வாங் ஸீச்சியின் வழித்தோன்றல். அதில் ஒவ்வோர் எழுத்தும் கைஷூவிலும் சாவ்ஷூவிலும் அடுத்தடுத்த வரிசைகளில் இருப்பதால் தனியாகப் பயில்வோருக்கு அகராதி தேவைப்படாது. சிங்ஷூவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம்.

தெஹிவளை வாசகி:

மைக்கூடு சொல்லும் வரலாறு சரியானதே. ஆனால் வரலாறு நடந்த வரிசையிலேயே கையும் பழக வேண்டும் என்றில்லை. கைஷூவை நிற்பதற்கும் சிங்ஷூவை நடப்பதற்கும் சாவ்ஷூவை ஓடுவதற்கும் ஒப்பிட்ட சோங் அரசர் காலக் கவிஞர் சூ ஷி, நிற்கத் தெரியாமல் நடந்தவரும் நடக்கத் தெரியாமல் ஓடியவரும் இல்லை என்றார். அவரும் இந்த வரலாற்றை அறியாதவர் அல்லர்.

தம்பி, நீங்கள் யன் பாணியில் பழகியவர். அங்கே தூரிகையின் நுனியை மறைத்துக் கோட்டைத் தொடங்கி, முடிவில் அழுத்தி நிறுத்துவோம். அந்தக் கை நேரே சாவ்ஷூவுக்குப் போனால் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று, முடிச்சு முடிச்சாகத்தான் எழுதும். நுனி வெளியே தெரியும்படி தாளில் இறங்குவதையும், ஒரு கோட்டின் முடிவிலிருந்து அடுத்த கோட்டின் தொடக்கத்துக்குத் தூரிகையை முழுதாகத் தூக்காமல் கொண்டுசெல்வதையும் சிங்ஷூதான் கற்றுத்தரும். அப்படிக் கடக்கும்போது நுனி மட்டும் தாளைத் தொட்டுச் செல்வதால் இணைப்பு இழை மெலிதாக விழ வேண்டும். இழையும் கோடும் ஒரே தடிப்பில் இருந்தால், எது எழுத்து, எது கை கடந்துபோன பாதை என்று வாசிப்பவருக்குத் தெரியாது. உங்கள் நண்பர் தடுமாறியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

வாங் ஸீச்சியின் எழுத்துகளை ஹுவாய்ரென் என்ற துறவி தேடித் தொகுத்து, 672ஆம் ஆண்டில் கல்லில் வெட்டப்பட்ட, பௌத்த நூல்களுக்கான ஷெங்ஜியாவ் முன்னுரையை எடுத்துக்கொள்ளுங்கள். கல் இன்றும் சிஆன் நகரில் இருக்கிறது. அச்சுப்படிகள் எளிதாகக் கிடைக்கும். யன் ஜென்சிங் 758ஆம் ஆண்டில், கலகத்தில் கொல்லப்பட்ட ஒன்றுவிட்ட அண்ணன் மகனுக்காக எழுதிய இரங்கல் வரைவு உங்களைக் கவரக்கூடும். அடித்தலும் திருத்தலும் மை வற்றிய கோடுகளுமாகத் துயரத்தில் எழுதப்பட்ட அந்தத் தாளைப் படியெடுக்க முயன்றால் அதன் புறத்தோற்றம் மட்டுமே கிடைக்கும். இப்போதைக்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

காகிதப் பைத்தியம்:

முன்மாதிரி பற்றி மற்றவர்கள் பேசட்டும்; நான் தாள் பற்றி மட்டும் சொல்கிறேன். பசை ஏற்றாத ஷுவான் எனப்படும் சீனத் தாள் மையை உடனே உறிஞ்சும். தயங்கினால் கோடு ஊறிப் பரவிவிடும். சாவ்ஷூ தொடங்குபவர் தயங்காமல் எழுத முடியாது என்பதால் பாதிப் பசை ஏற்றிய தாளே நல்லது. அன்றாடப் பயிற்சிக்குப் புறக்கோட்டையில் வாங்கும் அச்சிடாத பத்திரிகைத் தாள் போதும். ஆட்டுமயிர்த் தூரிகையை விடக் கலப்பு மயிர்த் தூரிகை திருப்பத்தின் பின் விரைவாக நிமிரும். கழுவிய தூரிகையை நுனி கீழே பார்க்கக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் மூடிவைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

இன்னொன்று: 1911ஆம் ஆண்டில் காலியில் கண்டெடுக்கப்பட்ட, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் மும்மொழிக் கல்வெட்டு கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1409ஆம் ஆண்டுக்குரிய அதன் சீனப் பகுதி கைஷூவில்தான் உள்ளது. கல் தேய்ந்திருந்தாலும், தமிழும் சீனமும் ஒரே கல்லில் இருப்பதைப் பார்க்கவாவது போய்வரலாம்.

வெள்ளவத்தை மாணவன்:

அனைவருக்கும் நன்றி. ஷெங்ஜியாவ் முன்னுரையைக் கைப்பயிற்சிக்கும், ஜியோங்கின் பாடத்தை வடிவங்களை மனனம் செய்வதற்கும் ஒரே காலத்தில் வைத்துக்கொள்ளலாமா? கட்டற்ற சாவ்ஷூவான ஹுவாய்சூவின் பித்தெழுத்தை எப்போது தொடலாம்?

மைக்கூடு:

தாராளமாக வைத்துக்கொள்ளலாம், அக்கா சொன்ன இழை விடயத்தை நானும் ஏற்கிறேன். ஜியோங்கின் சாவ்ஷூ வரிசையைத் தாளால் மறைத்து, கைஷூவைப் பார்த்து நினைவிலிருந்து எழுதி, பிறகு ஒப்பிட்டுத் திருத்துங்கள். தொடக்கத்தில் மிக மெதுவாக எழுதுங்கள். வடிவம் உறுதியானால் வேகம் தானாக வரும். அடுத்ததாகச் சுன் குவோத்திங்கின் சுருளைப் படியெடுக்கலாம். அதில் எழுத்துகள் பெரும்பாலும் தனித்தனியே நிற்பதால் பின்பற்றுவது கடினமன்று. ஹுவாய்சூவின் 777ஆம் ஆண்டுச் சுருளில் ஓர் எழுத்து அடுத்ததற்குள் ஓடிவிடும். அதன் வரிகளை உதவியின்றி வாசிக்க முடிகிற வரையில் அதற்காக மை அரைக்க வேண்டாம்.