ஹரிஹரேஷ்வர் டு மகாபலேஷ்வர்: மோட்டார்ஹோமில் ஒரே பகலில் ஏறலாமா?

செம்பூர்வாசி (கேள்வி)
டிசம்பர்ல நண்பரோட டிராவலர் மோட்டார்ஹோம் (படுக்கை, சமையல் வசதியோட மாத்தின வேன்) கிடைக்குது. நாலு பேர், ஓட்டப்போறது நான்தான். மகாராஷ்டிரா கடற்கரையில இருக்கிற ஹரிஹரேஷ்வர்ல ஒரு ராத்திரி, மறுநாள் மலை மேல மகாபலேஷ்வர். மேப் காட்டுற நேரத்தை நம்பலாமா? 100 லிட்டர் தண்ணித் தொட்டியைக் கீழயே நிரப்பிடவா, மேல போய் நிரப்பவா? கடற்கரைப் புழுக்கத்துல ஏசி ராத்திரி முழுக்க பேட்டரியில் ஓடுமா? 12 வோல்ட், 200 ஏஹெச் (ஆம்பியர் ஹவர்) லித்தியம்.

தானே டீசல்
மேப் சொல்றது காருக்கான நேரம். ஸ்ரீவர்தன், ம்ஹஸ்ளா வழியா மாண்காவ் வந்து, கோவா நெடுஞ்சாலையைப் பிடிச்சு மகாட், போலாத்பூர். போலாத்பூர்ல இடது பக்கம் திரும்பினா அம்பேனளி காட் (மலைப்பாதை). கடைசி 40 கி.மீ.லதான் மொத்த ஏற்றமும்: ஏறக்குறைய கடல் மட்டத்துல இருந்து 1,350 மீட்டர் வரைக்கும். அந்தத் துண்டுக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க. காலை எட்டுக்குக் கிளம்பி, மகாட்ல டீசல், சாப்பாடு முடிச்சு, ஒரு மணிக்குள்ள மலைப்பாதையைத் தொட்டுடணும். இருட்டினப்புறம் அந்த வளைவுகள்ல எதிர் வண்டிக்கு ஒதுங்கி நிக்கிறது பெரும்பாடு.

ஏறும்போது கியரை முன்கூட்டியே குறைங்க. எஞ்சின் திணற ஆரம்பிச்ச பிறகு மாத்தினா வேகமும் போச்சு, கிளட்சும் போச்சு. ஏற்றத்துல நிக்க நேர்ந்தா ஹேண்ட்பிரேக் போடுங்க. பாதி கிளட்ச்ல வண்டியைத் தாங்கிப் பிடிச்சா ரெண்டே நிமிஷத்துல கருகல் வாடை வரும். சூட்டு முள் ஏறினா ஏசியை அணைங்க. மேல போனதும் உடனே எஞ்சினை நிறுத்தாம ஒரு நிமிஷம் ஓடவிடுங்க, டர்போ ஆறட்டும்.

முலுண்ட் வயர்மேன்
ஏசி கணக்கு (12 வோல்ட் லித்தியம்னா பொதுவா 12.8 வோல்ட்): 12.8 வோல்ட் × 200 = 2,560 வாட் ஹவர். ஒரு டன் ஏசி 1,000 வாட் இழுக்கும், இன்வர்ட்டர் தின்கிறது ஒரு பத்து சதவீதம். கம்ப்ரஸர் விடாம ஓடினா ரெண்டேகால் மணி நேரம், அவ்வளவுதான். அதனால ஹரிஹரேஷ்வர்ல 16 ஆம்ப் பிளக் பாயின்ட் தர்ற தங்குமிடமா போன்லயே கேட்டு முடிவு பண்ணுங்க. உங்க வயர் 2.5 சதுர மி.மீ., மூணு கோர் (உள்ள மூணு கம்பி) இருக்கணும். சுருளை முழுசா பிரிச்சுப் போடுங்க, சுத்தின நிலையிலேயே விட்டா சூடேறி உருகும். எர்த் இருக்கான்னு பார்க்காம சொருகாதீங்க, தகர உடம்பு வண்டி. மகாபலேஷ்வர் டிசம்பர்ல ஏசி நினைப்பே வராது, போர்வை எடுத்துக்குங்க.

தண்ணி: 100 லிட்டர்னா 100 கிலோ. 25 லிட்டரோட ஏறுங்க, மேல நிரப்பிக்கலாம். கழிவுத் தண்ணியைக் கிளம்பும் முன்னாடியே முறையா காலி பண்ணிடுங்க.

தானே டீசல்
கால் தொட்டி சரி. அரைத் தொட்டி மட்டும் வேண்டாம். உள்ள தடுப்புத் தகடு இல்லேன்னா ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் தண்ணி ஒரு பக்கமா மோதி வண்டியைச் சாய்க்கும்.

மாட்டுங்கா மாமி
சமையல் பக்கம் யாரும் வரலையே! சிலிண்டரை நிமிர்த்தியே கட்டணும், ஓடும்போது வால்வு மூடியிருக்கணும். பர்னர் குமிழை மட்டும் அணைச்சா போதாது, குலுங்கி குலுங்கி குழாய் இணைப்பு தளர்ந்துடும். அந்த உயரத்துல தண்ணி 95, 96 டிகிரியிலேயே கொதிச்சுடும், அதனால திறந்த பாத்திரத்துல பருப்பு லேசில் வேகாது. குக்கர் எடுத்துண்டு போங்கோ. ஷாம்பு, எண்ணெய் பாட்டிலை நிமிர்த்தி கவர்ல போட்டு வைக்கணும், மேல காத்தழுத்தம் குறையறதால கசியும். ஓடற வண்டியில யாரும் பெர்த்ல படுக்கப்படாது, பெல்ட் உள்ள சீட்லதான்.

செம்பூர்வாசி
நன்றி மாமி, குக்கர் கண்டிப்பா. திரும்பும்போதும் அம்பேனளிதானா?

தானே டீசல்
வேண்டாம். பஞ்ச்கனி, பசர்ணி காட், வாய், அங்கிருந்து புனே வழி. அதுலயும் இறக்கம் இறக்கம்தான், ஆனா பெரிய வண்டிக்கு அம்பேனளியை விட இடம் தாராளம். ஏற எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியர்ல இறங்குங்க. பிரேக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே வராம, அழுத்தி வேகம் குறைச்சு விட்டுடுங்க. தொடர்ந்து தேய்ச்சா பிரேக் ஆயில் கொதிச்சு பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். டாட் 4 வகை பிரேக் ஆயிலோட கொதிநிலை புதுசுல 230 டிகிரி, ஈரம் குடிச்சதுக்கு அப்புறம் 155. நண்பர்கிட்ட கடைசியா எப்போ மாத்தினார்னு கேளுங்க; ரெண்டு வருஷம் தாண்டியிருந்தா கிளம்பும் முன்னாடியே மாத்திடுங்க. நியூட்ரல்ல உருட்டுறது, எஞ்சினை அணைக்கிறது ரெண்டும் கூடாது; நியூட்ரல்ல எஞ்சினோட பிடிப்பு இருக்காது, எஞ்சினை அணைச்சா பிரேக்குக்கான வேக்குவமும் பவர் ஸ்டியரிங்கும் சேர்ந்தே போயிடும்.

இன்னொண்ணு, ஹரிஹரேஷ்வர்ல மணல்ல வண்டியை இறக்காதீங்க. ஈர மணல் கெட்டியா தெரியும், ஆனா இந்த எடைக்கு பின் சக்கரம் புதையும். கடல் ஏறினா டிராக்டர் வர்றதுக்குள்ள தண்ணி ஆக்சிலுக்கு வந்துடும்.